முதுகிலே மூட்டை, முன்னாலே அவர்

கல்யாணமாகி 27 வருஷத்துக்குப் பிறகு ஒருத்தி தன் புருஷனோடு முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினால், அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள்? எங்கள் மாடி வீட்டு அம்மாள் கேட்டது இது: "ஏன், அவருக்கு வேலை போய்விட்டதா?"

வேலை போகவில்லை. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது; பிள்ளை வெளியூரில். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, "பால் வந்ததா?", "வந்தது" என்பதற்கு மேல் பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. அந்தப் பயத்தில்தான் கிளம்பினோம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம், இலங்கை பக்கத்தில் இருக்கிறது, செலவு குறைவு என்பதுதான். இது நடந்தது 2024 பிப்ரவரியில்.

ஆளுக்கு 7 கிலோ, அதற்கு மேல் ஒரு குண்டூசிகூடக் கூடாது என்று அவர் சட்டம் போட்டார். சட்டம் போட்டவருடைய பையில்தான் அரைக் கிலோ பருப்புப் பொடியும் ஒரு ஊறுகாய் பாட்டிலும் இருந்தன! சகோதரிகளே, இப்படிக் கிளம்புவதாக இருந்தால் பட்டுப் புடவையைத் தொடாதீர்கள். சல்வார் இரண்டு, ஒரு கம்பளிச் சட்டை, சீக்கிரம் உலரும் மெல்லிய துண்டு, பழகிய செருப்பு, இவை போதும். புதுச் செருப்பு வாங்கிக்கொண்டு போனவள் நான். கொழும்பிலேயே குதிகால் தோல் உரிந்துவிட்டது.

இன்னொரு சட்டமும் உண்டு. வழி அவர் பொறுப்பு. பணம் என் பொறுப்பு. பாஸ்போர்ட்டும் பணமும் என் இடுப்புப் பையில். செல்போன்கள் இரண்டும் அவர் தோள்பையில். இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டியில் தலதா மாளிகையைப் பார்த்துவிட்டு ரயில் ஏறினோம். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867-லேயே வெள்ளைக்காரர்கள் ரயில் விட்டார்கள், மலையில் விளைந்த காப்பியைத் துறைமுகத்துக்கு இறக்க. காப்பிச் செடி நோயில் அழிந்து தேயிலை வந்தது. ரயிலும் மலை மேல் மலையாக ஏறி 1924-ல் பதுளையைத் தொட்டது. வெளிநாட்டு இளசுகள் வாசற்படியில் காலைத் தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள். இவருக்கும் ஆசை வந்துவிட்டது. சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தேன். (2025 நவம்பரில் டிட்வா புயல் அந்தப் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. இனிப் போகிறவர்கள் ரயில் எதுவரை ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.)

ஹட்டனில் இறங்கி, பஸ்ஸில் நல்லதண்ணி. ஊர்ப் பெயரே தமிழ்தான். வழியெல்லாம் தேயிலைச் சரிவு. கூடையை முதுகில் தொங்கவிட்டுக் கொழுந்து கிள்ளும் பெண்கள். அவர்களுடைய முன்னோர் நம் ஜில்லாக்களிலிருந்து போனவர்கள். 1948-ல் வந்த சட்டத்தில் அவர்களில் பெரும்பாலோருக்கு எந்த நாட்டுப் பிரஜை என்பதே இல்லாமல் போயிற்று. அந்த வழக்கு ஒருவாறு தீர 2003 வரை ஆனது. முதுகில் 7 கிலோவைச் சுமந்து கொண்டு அலுத்துக்கொண்ட எனக்கு, அந்தக் கூடைகளைப் பார்த்ததும் வாய் அடைத்தது.

நல்லதண்ணியில்தான் சிவனொளிபாத மலையின் அடிவாரம். உயரம் 2,243 மீட்டர். உச்சியில் உள்ள பாதச் சுவடு சிவனுடையது என்கிறோம் நாம். புத்தருடையது என்கிறார்கள் சிங்களவர். ஆதமுடையது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. யாரும் யாரையும் தடுப்பதில்லை. டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை யாத்திரைக் காலம். நடுராத்திரி ஏறி, உச்சியில் சூரியோதயம் பார்ப்பது வழக்கம்.

பெரிய மூட்டைகளை விடுதியில் போட்டுவிட்டு ஒரு மணிக்குப் புறப்பட்டோம். பிப்ரவரி 23, பௌர்ணமி. அன்று தீவே திரண்டு வந்திருக்கும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. கைக்குழந்தையைத் தூக்கிய தாய், வெள்ளைச் சேலை கட்டிய கிழவி, கிழவியை முதுகில் சுமந்த பேரன்! விளக்குச் சரம் வானம் வரை போயிற்று.

இவர் எங்கே நடந்தாலும் பத்தடி முன்னால்தான் நடப்பார். கல்யாணமான மறுநாள் கோவிலுக்குப் போனபோதே அப்படித்தான். "கொஞ்சம் நில்லுங்களேன்" என்று சொல்லிச் சொல்லி, ஒரு கட்டத்தில் நான் சொல்வதையே விட்டுவிட்டேன். மலையிலும் அதே கதைதான். பத்தடி இருபதடி ஆயிற்று. ஒரு திருப்பத்தில் ஆளையே காணோம்.

கூப்பிட போன் இல்லை. ஒரு கடை ஓரம் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயத்தில் அல்ல, கோபத்தில். பிறகு அந்த வெள்ளைச் சேலைக் கிழவி என்னைக் கடந்து போனாள். படிக்குப் படி இளைப்பாறி, முகத்தில் சிரிப்போடு. நானும் எழுந்தேன். என் மூச்சுக்கு ஏற்ற நடை. நின்று, ஏறி, நின்று. யாரையும் துரத்த வேண்டியதில்லை என்றதும் கால் கனம்கூடக் குறைந்த மாதிரி இருந்தது.

உச்சியை அடைந்தபோது கிழக்கே வெளுத்திருந்தது. சூரியன் எழுந்ததும் மறுபக்கம் ஓடிப் பார்த்தேன். மேகத்தின் மேல் மலையின் நிழல், கத்தரித்து ஒட்டினாற்போல் முக்கோணமாக விழுந்திருந்தது. "இதோ பாருங்கள்" என்று திரும்பினேன். பக்கத்தில் யாரோ நின்றார்கள்.

அங்கே ஒரு மணி உண்டு. எத்தனை முறை ஏறினோமோ அத்தனை தடவை அடிக்க வேண்டும். எனக்கு அடிக்க மனம் வரவில்லை.

நிழல் கரைந்து வெகு நேரம் கழித்து அவர் வந்தார். முகம் வெளிறி, சட்டை நனைந்து. "எங்கே போய்விட்டாய்?" என்று கத்தினார்.

"மேலேதான் வந்தேன். நீங்கள் எங்கே போனீர்கள்?"

பதில் இல்லை. ஆளுக்கு ஒரு தடவை மணி அடித்தோம். பிறகு, "அந்த நிழல் எப்படி இருந்தது?" என்று மெதுவாகக் கேட்டார். சொன்னேன். முழுவதும் கேட்டார், நடுவில் ஒரு கேள்விகூடக் கேட்டார்.

இறங்கும்போது பாதி வழியில் ஒரு டீக்கடை முன்னால் நின்று, "இங்கே ஒரு டீக்கு பாக்கி" என்றார். கடைக்கார அம்மாள் தமிழ்.

"காசு இல்லேன்னு வேண்டாம்னாரும்மா. நான்தான் வற்புறுத்திக் கொடுத்தேன். மேலயும் கீழயுமா மூணு தடவை இந்த வழியா நடந்தாரு. 'பச்சைச் சால்வை, கண்ணாடி போட்டிருப்பாங்க, நின்னு நின்னுதான் ஏறுவாங்க, பாத்தீங்களா'ன்னு போறவங்க வர்றவங்களை எல்லாம் கேட்டாரு."

அவர் தேயிலைச் சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாக்கியைக் கொடுத்துவிட்டு, இஞ்சி போட்ட பிளேன்டீ இன்னும் இரண்டு கேட்டேன். பெஞ்சில் இடம் இருந்தது. ஹட்டன் பஸ்ஸுக்கும் இன்னும் நேரம் இருந்தது.