மருத்துவமனைப் படுக்கைகள் சொல்வதென்ன?

(மூன்றாம் ஆண்டு, பொருளியல்)

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது முன்னோர் மொழி. அச்செல்வத்தை எவ்வழியில் இழக்கிறோம் என்பதை அறிய, மருத்துவமனையின் உள்நோயாளிப் பதிவேட்டை நோய்வாரியாகப் படித்தாலே போதும் என்பேன்.

1860 ஆம் ஆண்டு இலண்டனில் கூடிய அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டின் முன் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் ஒரு திட்டத்தை வைத்தார். எல்லா மருத்துவமனைகளும் நோய்களை ஒரே முறையில் வகைப்படுத்திக் கணக்கெழுத வேண்டும் என்பதே அது. விளக்கேந்திய மங்கை என்றே அவரை அறிவோம். கணக்கேந்திய மங்கையும் அவரே!

நம் நாட்டுக் கணக்கு என்ன சொல்கிறது? 2017-18 இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின் 75 ஆம் சுற்றின்படி, மகப்பேறு நீங்கலாக, மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர் தொற்றுநோயால் சேர்ந்தவர்கள். காய்ச்சலும் மஞ்சட்காமாலையும் வயிற்றுப்போக்கும் இதில் அடங்கும். நல்ல குடிநீரும் கொசு ஒழிப்பும் தடுத்திருக்கக் கூடியவை அல்லவா இவற்றுள் பல? ஒரு முறை சேர்ந்து மீள ஆன சராசரிச் செலவு அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய். தனியாரிடம் 31,845 ரூபாய். கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு இது எத்தனை மாத உழைப்பு!

என் தந்தையார் காலில் புண்ணோடு பத்தொன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தார். அதே வார்டில் அதே புண்ணோடு இன்னும் ஆறு பேர். ஒரு விரலை எடுத்த பிறகே வீடு திரும்பினார். சீட்டில் எழுதியிருந்தது கால் புண். உண்மை நோயோ, பல ஆண்டுகளாக அவர் சோதித்தே பாராத சர்க்கரை. பக்கத்து வீட்டார் ஒருவரும் சோதித்ததில்லை.

படுக்கைகளைப் பெருக்கினால் போதும் என்பார் உளர். படுக்கைகள் வேண்டியவையே. ஆனால் ஓட்டைக் குடத்துக்கு எத்தனை குடம் நீர் ஊற்றுவது? சர்க்கரை, இரத்த அழுத்த நோயாளிகளின் வீட்டுக்கே மருந்தைக் கொண்டு செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 இல் தமிழகத்தில் தொடங்கியது. அது சரியான திசை. அவ்வாறே ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோய்வாரிக் கணக்கை ஆண்டுதோறும் ஊரார் அறிய வெளியிட வேண்டும். எந்தத் தெருவில் நீர் கெட்டது, எந்த ஊரில் சோதனை நடக்கவில்லை என்பது அப்போது தெரியும்.

மாணவ நண்பர்களே, நாமும் சும்மா இருத்தல் தகுமா? நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம், நன்று. அடுத்த முகாமில் ஆரம்ப சுகாதார நிலையத்தாரை அழைத்து, ஊரில் நாற்பதைக் கடந்த அனைவருக்கும் சர்க்கரை பார்ப்போம். ஒரு தந்தையின் விரலாவது பிழைக்கட்டும்!