முதல் பக்கத்து ஆசை

ஒரு கல்யாணத்துக்காகக் கயத்தாறு போயிருந்தேன். கோவில்பட்டியைத் தாண்டித் திருநெல்வேலி போகும் பெரிய சாலையில் இரண்டு பக்கமும் கரிசல் காடு. காட்டுக்கு நடுவே நெட்டை நெட்டையாகக் காற்றாலைகள். 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்தோமே, அதே கயத்தாறுதான். என் பெரியப்பா மகன் வீடு அங்கே இருக்கிறது.

மதினி சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷி அல்ல. குதிரைவாலி, கம்பு, சோளம் எல்லாம் அக்கம்பக்கத்துச் சம்சாரிகளிடம் வாங்கி, புடைத்து, காயவைத்து, மாவாகத் திரித்துப் பொட்டலம் போட்டு விற்கிறார். கல்லூரியில் படிக்கும் பிள்ளை அதற்காக ஒரு வெப்சைட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறான். கடை விரித்தாயிற்று, கொள்வார்தான் குறைவு.

பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் மதினி செல்போனை என்னிடம் நீட்டினார். "நீ பத்திரிகையிலே இருக்கியே, இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு" என்றார்.

யாரோ ஓர் ஆசாமி அனுப்பிய கடிதம். முப்பதே நாளில் கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்து விடுவாராம். மாதம் எட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் போதுமாம். அதற்கு அவர் செய்யப்போகும் நான்கு காரியங்களையும் வரிசையாக எழுதியிருந்தார். வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தாக, பார்ப்பவர் கண்ணுக்குப் படாமல், 'கோவில்பட்டி கடலை மிட்டாய்' என்று நூறு தடவை எழுதி வைப்பது. இருநூறு வெப்சைட்டுகளில் காசு கொடுத்து இவருடைய கடைக்கு இணைப்புப் போட வைப்பது. சென்னை, கோயம்புத்தூர், மதுரை என்று ஊருக்கு ஒரு பக்கம் திறந்து அங்கெல்லாம் கிளை இருப்பது போல் காட்டுவது. வாங்காத ஐம்பது பேரை விட்டு 'ஆகா, பிரமாதம்!' என்று எழுத வைப்பது.

"மதினி, நீங்கள் கடலை மிட்டாய் போடுகிறீர்களா?" என்று கேட்டேன்.

"நான் எங்கே போடுதேன்? அதுக்குப் பாகு பதம் தெரியணும்லா! ஆனா சனங்க அதைத்தான் தேடுதாங்களாம். தேடி வாறவங்க மாவையும் பார்ப்பாங்கன்னு அந்தத் தம்பி சொல்லுது."

"கடலை மிட்டாய் கேட்டு வந்தவளுக்குக் கம்பு மாவைக் காட்டினால் என்ன சொல்லுவாள்?"

மதினி சிரித்தார். ஆனால் செல்போனை உள்ளே வைக்கவில்லை. எட்டாயிரத்தை எடுத்து வைத்து விட்டார் என்று எனக்குப் புரிந்தது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சேர்த்த பணம் அது.

வாசகிகளே, உங்களில் எத்தனையோ பேர் ஊறுகாயும் வடகமும் ரவிக்கைத் துணியும் இப்படி வீட்டிலிருந்தே விற்கிறீர்கள். உங்களுக்கும் இந்த மாதிரிக் கடிதம் வந்திருக்கும். வராவிட்டால் நாளைக்கு வரும். ஆகையால் மதினிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லி விடுகிறேன்.

கூகுள் ஒரு பக்கத்தை முன்னே வைப்பதும் பின்னே தள்ளுவதும் எப்படி? லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு மாணவர்கள் அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கண்டுபிடித்து, 1998-இல் கம்பெனியாக ஆரம்பித்த யுக்தி அது. நாம் சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் என்ன செய்கிறோம்? பெண் வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறோம். நாலு பேரில் நம்பத்தக்கவர் சொன்ன வார்த்தைக்கு மதிப்பு ஜாஸ்தி. அதே போல ஒரு பக்கத்தைப் பார்க்கச் சொல்லி வேறு எத்தனை பக்கங்கள் கை காட்டுகின்றன, கை காட்டுகிறவர்களின் யோக்கியதை என்ன என்று கணக்கெடுத்தார்கள். இன்று இன்னும் எத்தனையோ கணக்குகள் சேர்ந்திருக்கின்றன. அடிப்படை மட்டும் அதேதான்: விசாரணை.

காசு கொடுத்து இணைப்பு வாங்குவது, பெண் வீட்டுக்காரர் தெருமுனையில் நாலு பேரை நிறுத்தி வைத்து, "நல்ல குடும்பம், நல்ல குடும்பம்" என்று சொல்லச் சொல்வதற்குச் சமானம். ஒரு நாள் குட்டு வெளிப்படாமல் போகாது.

அப்படி வெளிப்பட்டவர்களில் பெரிய மனிதர்களும் உண்டு. 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ கார்க் கம்பெனியின் ஜெர்மன் வெப்சைட்டையே கூகுள் தன் பட்டியலிலிருந்து நீக்கி விட்டது. தேடும் இயந்திரத்துக்கு ஒரு பக்கம், வாடிக்கைக்காரருக்கு வேறு பக்கம் என்று காட்டியதுதான் குற்றம். அந்தப் பக்கங்களை எடுத்த பிறகுதான் திரும்பச் சேர்த்தார்கள். 2011-இல் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்ற பெரிய ஜவுளிக்கடைக்கு அதைவிட அவமானம். கவுன், படுக்கை விரிப்பு, கம்பளம் என்று எதைத் தேடினாலும் அந்தக் கடையே முன்னால் வந்து நின்றது. துணிக்குச் சம்பந்தமே இல்லாத எத்தனையோ பக்கங்களில் கடைக்கு இணைப்பு இருந்ததை நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை கண்டுபிடித்து எழுதியது. ஒரு பெட்டியின் பெயரைத் தேடினால் முதலில் வந்துகொண்டிருந்த கடை, இரண்டே மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போயிற்று. 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்லி, அந்த வேலையைப் பார்த்த ஏஜென்டை நீக்கினார்கள். ஏஜென்ட் போனார், பெயர் கெட்டது யாருக்கு? கடைக்குத்தானே!

நம் நாட்டிலும் இல்லாமல் இல்லை. ஷாதி டாட் காம் என்ற கல்யாண வெப்சைட்டின் பெயரை இன்னொரு கல்யாண வெப்சைட்காரர் தம்முடைய பக்கத்தின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எழுதி வைத்துக் கொண்டார். வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. அடுத்தவரைத் தேடி வருகிறவர்களை இப்படித் திருப்பிக் கொள்ளக் கூடாது என்று 2014-இல் தடை விதித்தது நீதிமன்றம்.

மதினிக்கு வந்த யோசனையிலும் இதே ஆபத்து இருந்தது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020 ஏப்ரலில் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசல் மண்ணின் கடலையும் வெல்லப் பாகும் அந்த வட்டாரத்துக் கைப்பக்குவமும் சேர்ந்து எத்தனையோ வருஷமாகச் சம்பாதித்த பெயர் அது. உரிமை இல்லாதவர் அந்தப் பெயரைப் போலியாகப் பொருளுக்குச் சூட்டி விற்றால், 1999-ஆம் வருஷத்துச் சட்டத்தில் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைக்கு இடம் உண்டு.

"சட்டத்தை விடுங்கள் மதினி. உங்கள் ஊரைச் சுற்றித் தீப்பெட்டி ஆபீசுகள் இருக்கின்றனவே. நன்றாக ஓடுகிற தீப்பெட்டியின் படத்தைப் போலவே இன்னொருவன் லேபிள் அச்சடித்தால் அவனை ஊரில் என்ன சொல்லுவார்கள்?" என்றேன்.

"களவாணின்னுதான் சொல்லுவாங்க" என்றார் மதினி. சொன்னபோது முகம் சற்றே வாடிற்று.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். காசு கொடுத்து முன்னால் வருவதே தவறு என்று நான் சொல்லவில்லை. விளம்பரம் என்று எழுதி, விளம்பரமாகவே போடலாம். அதில் ஒளிவு மறைவு கிடையாது. விளம்பரத்தை விசாரணை மாதிரி வேஷம் போட வைப்பதுதான் தப்பு. ஊருக்கு ஒரு பக்கமாகக் குவிக்கிற வேலையும் இனிப் பலிக்காது. ஆள் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும், இடம் பிடிப்பதற்காகவே மூட்டை மூட்டையாகப் போடும் உபயோகமற்ற பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளுவோம் என்று கூகுள் 2024 மார்ச்சில் தன் விதிகளை இறுக்கிவிட்டது. பொய்ப் பாராட்டு எழுதக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பும் 2022-இல் ஒரு நெறி வகுத்திருக்கிறது.

"நான் எதையும் விற்கவில்லையே, எனக்கென்ன?" என்று கேட்கிற சகோதரிக்கும் ஒரு வார்த்தை. தேடலில் முன்னால் நிற்பதெல்லாம் நிஜம் என்று நம்புகிற பழக்கம் நமக்கு வந்துவிட்டது. பாங்கியின் வாடிக்கையாளர் எண், காஸ் கம்பெனியின் எண் என்று போலி எண்ணை முன்னால் வரச் செய்து, நம்பிப் பேசியவர்களின் பணத்தைக் கறந்த மோசடிகள் நம் நாட்டில் நிறைய நடந்திருக்கின்றன. எண் வேண்டுமானால் பாஸ் புத்தகத்திலும் கார்டின் பின்புறத்திலும் பில்லிலும் பாருங்கள். ஏமாந்து போனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

சரி, மதினிக்கு என்ன வழி? மறுநாள் காலையில் பிள்ளையும் நானும் உட்கார்ந்தோம். 'முகப்பு' என்று மொட்டையாக இருந்த தலைப்பை 'கயத்தாறு குதிரைவாலி அரிசி, கம்பு மாவு' என்று மாற்றினோம். மதினி முற்றத்தில் புடைக்கிற படத்தை எடுத்துப் போட்டோம். விலை, எடை, எத்தனை நாளில் கைக்கு வரும், மாவு எத்தனை நாள் தாங்கும் என்பதை எழுதினோம். குதிரைவாலிச் சோறு குழையாமல் வடிப்பது எப்படி, கம்பங்கூழை எப்படிப் புளிக்கவைப்பது என்று மதினி சொல்லச் சொல்ல, அவர் வார்த்தையிலேயே இரண்டு பக்கம் ஆயிற்று. கூகுளின் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்தோம். அதற்குக் காலணா செலவில்லை. ஏற்கெனவே வாங்கிய பத்துப் பேருக்குப் பிள்ளை கடிதம் அனுப்பினான்: 'நன்றாக இருந்தால் அதை எழுதுங்கள், குறை இருந்தால் அதையும் எழுதுங்கள்.'

குறையும் வந்தது! மதுரையிலிருந்து ஓர் அம்மாள், "மாவு நன்றாக இருக்கிறது, பொட்டலத்தின் மூலை பிரிந்திருந்தது" என்று எழுதிவிட்டார். மதினிக்கு ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லையாம். மறுநாள் கனமான பை வாங்கிப் போட்டு, அந்த அம்மாளுக்கு வேறு பொட்டலமும் அனுப்பி வைத்தாராம்.

போன வாரம் போன் பண்ணினார். முதல் பக்கத்துக்கு வந்தாயிற்றா என்று கேட்டேன்.

"கடலை மிட்டாய்னு தேடினா நான் எங்கேயும் இல்லை. குதிரைவாலிச் சோறு வடிக்கதுக்குத் தேடினா எங்கேயோ கீழே இருக்கேனாம். அந்த மதுரை அம்மா மட்டும் அவங்க தங்கச்சிக்கும் சேர்த்து நாலு கிலோ கேட்டிருக்காங்க. எட்டாயிரத்தைக் காலேஜ்ல கட்டிட்டேன்."