பந்து பிடிக்கும் கையும் தொழிலாளியின் கையே!



அம்பத்தூர் எஸ்டேட்டில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர், சென்ற வாரம் ஷிப்டு முடிந்து வந்து என்னிடம் கேட்டார்: "தோழர், நான் ஆறடிக்கு மேல் உயரம். கூடைப்பந்து நன்றாக ஆடுவேன். இந்த வேலையை விட்டுவிட்டு வெளிநாட்டு கிளப்புக்கு முயற்சி பண்ணட்டுமா? சத்னாம் சிங் போகவில்லையா?"

பக்கத்திலிருந்த மூத்த தோழர் சிரித்தார். "பந்து விளையாட்டுக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார்.

இரண்டு பேருக்கும் பதில் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சத்னாம் சிங் யார்? பஞ்சாபில் பல்லோ கே கிராமத்து விவசாயியின் மகன். ஏழடிக்கு மேல் உயரம். 2010-ல், 14 வயதில், அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலுள்ள ஒரு பயிற்சிப் பள்ளிக்குப் போனார். 2015-ல் டல்லாஸ் மேவரிக்ஸ் குழு அவரை 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. பத்திரிகைகள் தம்பட்டம் அடித்தன. "கிராமத்து ஏழையும் கோடீஸ்வரனாகலாம்" என்று உபதேசம் செய்தார்கள்.

பிறகு என்ன நடந்தது? என்.பி.ஏ. என்ற அந்தப் பெரிய லீகில் அவர் ஒரு ஆட்டம் கூட ஆடவில்லை. அதன் கீழ்ப்பிரிவில், டெக்சாஸ் லெஜண்ட்ஸ் குழுவில் இரண்டு சீசன் ஆடினார். பிறகு கனடா. 2020-ல் ஊக்கமருந்துத் தடை. 2022-ல் மல்யுத்தக் காட்சி மேடை.

கீழ்ப்பிரிவில் அன்று சம்பளம் சீசனுக்குச் சுமார் 13,000 டாலரிலிருந்து 26,000 டாலர் வரை. மேல்பிரிவில் புதிதாகச் சேருகிறவருக்குக் குறைந்தபட்சமே 5 லட்சம் டாலருக்கு மேல். அதே பந்து, அதே வளையம், அதே வியர்வை. கூலியில் மட்டும் இருபது மடங்குக்குக் குறையாத பேதம்! நிரந்தரத் தொழிலாளி, காண்ட்ராக்ட் தொழிலாளி என்ற பாகுபாடு அம்பத்தூரில் மட்டும்தான் என்று நினைத்தீர்களா?

அம்ரித்பால் சிங்கும் அம்ஜ்யோத் சிங்கும் ஜப்பானுக்குப் போய் ஆடினார்கள். 2017-ல் ஒருவர் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸுக்குப் போனார். மற்றவர் அமெரிக்கக் கீழ்ப்பிரிவுக்குப் போனார். நடவுக்கு ஓர் ஊர், அறுப்புக்கு ஓர் ஊர் என்று மூட்டை கட்டும் விவசாயத் தொழிலாளிக்கு இந்தப் பிழைப்பை விளக்க வேண்டியதில்லை. ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கும் கங்காணிக்கு அங்கே 'ஏஜெண்ட்' என்று பெயர். முழங்கால் போனால் அடுத்த சீசன் இல்லை. அவ்வளவுதான்!

நம் சென்னையையே பாருங்கள். தெற்கு ரயில்வேயின் கீது அன்னா ஜோஸ் 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் குழுவில் ஆடினார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீகின் குழுக்கள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை. திரும்பி வந்தார், நடுத்தெருவில் நிற்கவில்லை. ஏன்? ரயில்வே வேலை இருந்தது! 2014-ல் அர்ஜுனா விருதும் பெற்றார்.

இந்த நாட்டில் ஆட்டக்காரனுக்குச் சோறு போட்டது ரயில்வேயும், ரயில் பெட்டித் தொழிற்சாலையும், பொதுத்துறை வங்கிகளும், எண்ணெய்க் கம்பெனிகளும்தான். தனி முதலாளி என்ன செய்தான்? 2015-ல் யு.பி.ஏ. என்றொரு லீக் வந்தது. சென்னை ஸ்லாம் என்று நம் ஊர்ப் பெயரிலும் ஒரு குழு. 2017-க்குப் பிறகு அந்த லீக் நடக்கவேயில்லை. கடையை மூடினான், போனான்!

சோறு போட்ட பொதுத்துறையையோ துண்டு போடுகிறார்கள். 2021-ல் படைக்கலத் தொழிற்சாலைகளை 7 கம்பெனிகளாகப் பிரித்தார்கள். ஆவடி டாங்கித் தொழிற்சாலை ஒரு கம்பெனிக்கு, ராணுவ உடைத் தொழிற்சாலை இன்னொரு கம்பெனிக்கு. நிரந்தர வேலை சுருங்கினால் விளையாட்டு ஒதுக்கீடு மட்டும் எங்கே நிற்கும்? வேரை வெட்டிவிட்டுப் பூவைத் தேடலாமா?

மூத்த தோழருக்கு ஒரு வார்த்தை. அமெரிக்க ஆட்டக்காரர்கள் 1954-லேயே சங்கம் அமைத்தார்கள். 1964 ஜனவரி 14-ம் தேதி, பாஸ்டனில், டெலிவிஷன் காத்திருக்க, கூட்டம் காத்திருக்க, பில் ரஸ்ஸல், ஆஸ்கார் ராபர்ட்சன் முதலிய நட்சத்திரங்கள் அறையை விட்டு வெளியே வர மறுத்தார்கள். பென்ஷனுக்கு வாக்குறுதி வந்த பிறகே பந்தைத் தொட்டார்கள். 2020-ல் கீழ்ப்பிரிவு ஆட்டக்காரர்களும் சங்கம் கண்டார்கள். சம்பந்தம் என்னவென்று இனியும் கேட்பீர்களா?

வாலிபத் தோழரே! நீங்கள் ஆட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆடுங்கள்! வாய்ப்பு வந்தால் போங்கள். ஆனால் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். காயம் பட்டால் யார் பொறுப்பு, சம்பளம் எந்தத் தேதியில், திரும்பி வரப் பயணச் செலவு யாருடையது என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

நாம் இங்கே கேட்க வேண்டியவை: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் தொழிலாளர் பிள்ளைகள் காசில்லாமல் ஆட மைதானம் வேண்டும். விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை வேண்டும். லீக் நடத்துகிறவன் ஆட்டக்காரரின் முழுச் சம்பளத்தையும் முன்கூட்டியே கட்டி வைக்க வேண்டும்.

ஆயிரம் பேரில் ஒருவனுக்கு மாலை போட்டு, மற்ற 999 பேருக்குக் கணக்குத் தீர்ப்பது பழைய தந்திரம். அந்த 999 பேரின் பக்கம் நிற்பதே நம் வேலை!