22 சென்ரிமீற்றர் கிபிர்

போன வருசம் நான் ஒரு கிபிர் வாங்கினேன். 1/72 அளவு, பிளாஸ்ரிக். பெட்டியைத் திறந்தால் சாம்பல் நிறச் சட்டங்களில் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. உண்மையான கிபிரின் நீளம் 15.65 மீற்றர். 72ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 22 சென்ரிமீற்றர். பள்ளிக்கூட அடிமட்டத்தை விடச் சின்னது.

கிபிர் எண்டால் என்னவெண்டு வன்னியில் வளர்ந்த எங்கட வயசுக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. இஸ்ரேலில் செய்த இந்த விமானம் இலங்கை விமானப்படைக்கு வந்தது 1996இல். எங்களுக்கு அது ஒரு விமானத்தின் பெயராக இருக்கவில்லை, ஒரு சத்தத்தின் பெயராகத்தான் இருந்தது. "கிபிர் வருது" எண்டால் கொப்பியை எறிஞ்சுபோட்டு பங்கருக்குள்ள ஓடவேண்டியதுதான். நான் அதை ஒருநாளும் வடிவாகப் பார்த்ததில்லை. அது மேலே நிற்கிற நேரம் நாங்கள் குப்புறப் படுத்திருப்பம்.

பெட்டியைக் கண்ட நண்பன் கேட்டது ஒரே கேள்விதான்: "உனக்கென்ன விசரோ?" அண்டைக்குச் சிரிச்சு மழுப்பிவிட்டேன். இப்போது பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பொழுதுபோக்கைப் பற்றி. ஸ்கேல் மொடல் செய்யிறது பெரிய வித்தையில்லை, பொறுமைதான் வேணும். சின்னக் கட்டரால் துண்டுகளை வெட்டி எடுக்கவேண்டும். வெட்டின தழும்பை சாண்ட் பேப்பரால் தேய்க்கவேண்டும், முதலில் 400, பிறகு 800, 1000. இதற்கென்று விற்கிற பசை ஒட்டுவதில்லை, இரண்டு பக்கப் பிளாஸ்ரிக்கையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். அதனால் பிழையாக ஒட்டினால் கழற்றுவது கஷ்டம். பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைத்து மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தரம் அடிக்கவேண்டும். பிறகுதான் ஊத்தை பூசுகிற வேலை: தகட்டுக் கோடுகளுக்குள் கரைத்த கறுப்பை ஓடவிடுவது, ஸ்பொஞ்சால் தொட்டுத் தொட்டுப் பெயிண்ட் உரிஞ்ச மாதிரி காட்டுவது. புத்தம் புதிய யந்திரத்தைச் செய்து முடித்து, அதைப் பழசாக்க ஒரு கிழமை மினக்கெடுகிற ஆக்கள் நாங்கள்.

இந்த ஆக்களிடம் "ஏன் எப்பவும் போர்ச் சாமான்?" என்று கேட்டால் பெரும்பாலும் வருகிற பதில், "இது வெறும் பிளாஸ்ரிக் தானே" என்பது. எனக்கு இந்தப் பதிலில் உடன்பாடில்லை. வெறும் பிளாஸ்ரிக் என்றால் ஜெர்மனியில் விற்கிற கிட்களில் ஸ்வஸ்திகா டெக்கால் ஏன் இல்லாமல் போகிறது, அல்லது இரண்டாக வெட்டப்பட்டு வருகிறது? அங்கே நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைத் தடுக்கிற சட்டம் இருக்கிறது. சின்னத்தை எடுத்தாயிற்று, டாங்கி அப்படியே இருக்கிறது. அதுவும் எந்த டாங்கி? ஜெர்மனியின் டைகர்-1 போர்க்காலத்தில் செய்யப்பட்டது 1,350 அளவில்தான். அமெரிக்காவின் ஷெர்மன் 49,000க்கு மேல். ஆனால் கிட் கம்பனிகளின் பட்டியல்களைப் பார்க்கிற ஒரு பிள்ளை, போர் முழுக்க டைகர்தான் ஓடித்திரிந்தது எண்டு நினைக்கும். ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட 'எனோலா கே'க்கும் 1/72 கிட் இருக்கிறது. விமானத்தின் வெள்ளி நிறத்தை எப்படிப் பளபளப்பாக எடுப்பது என்று மணித்தியாலக் கணக்கில் கதைக்கலாம். நகரத்தைப் பற்றிக் கதைக்காமலே செய்து முடித்துவிடலாம். பிரச்சினை அங்கேதான்.

மற்றப் பக்கத்தில், "இது போர் வெறி, பிள்ளைகளின் கைக்கே போகக்கூடாது" என்கிற ஆக்கள். அதுவும் அவ்வளவு நேராக இல்லை. எச். ஜி. வெல்ஸ் 1913இல், முதலாம் உலகப்போருக்கு ஒரு வருசம் முதல், பொம்மைச் சிப்பாய்களை வைத்து விளையாடுவதற்கு 'லிட்டில் வார்ஸ்' எண்டு ஒரு விதிப் புத்தகம் எழுதினார். அவர் போரை வெறுத்த மனிதர். தரையில் பொம்மைகளை வைத்து விளையாடிப் பார்க்கிறவனுக்கு, உண்மையான போர் எவ்வளவு மடைத்தனம் எண்டு விளங்கும் என்பதுதான் அவருடைய வாதம்.

இந்தத் துறையில் பெரிய பெயரான தமியா எங்கே பிறந்தது? ஜப்பானின் ஷிசுவோகாவில். 1945 யூனில் குண்டுவீச்சில் எரிந்த நகரம் அது. அடுத்த வருசம் மரக் கம்பனியாகத் தொடங்கி, மர மொடல்களுக்குப் போய், 1960களின் தொடக்கத்தில் பந்தர் டாங்கியைப் பிளாஸ்ரிக்கில் செய்தார்கள். உள்ளே மோட்டாரும் பற்றரியும் கொள்ளவேண்டும் என்பதற்காக எடுத்த பருமன்தான் 1/35. பிறகு உலகம் முழுக்க இராணுவ மொடல்களுக்கு அதுவே வழக்கமான அளவாகிவிட்டது. எரிந்த ஊரில் இருந்து வந்ததாலேயே இந்தப் பொழுதுபோக்குக்கு நியாயம் கிடைத்துவிட்டது எண்டு நான் சொல்லவில்லை. போரைச் சனங்களாகப் பட்டவர்களும் இந்தச் சாமான்களைக் கையில் எடுத்திருக்கிறார்கள், வென்றவர்களுக்கு மட்டும் உரிய விளையாட்டு இதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, என்னுடைய கிபிர். காற்று உள்ளே போகிற வாய்க்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு மேலதிக இறக்கைகள் இருப்பது ஒட்டுகிற நேரம்தான் தெரிந்தது. இவ்வளவு காலமும் உருவமே இல்லாமல் இருந்த பயத்துக்கு ஒரு மூக்கு, ஒரு வால், சில்லுகள் எல்லாம் வந்தன. யாரோ வரைந்து, யாரோ ஆணி இறுக்கி, யாரோ காசு கொடுத்து வாங்கின ஒரு யந்திரம் அது. வானத்தில் இருந்து தானாக வந்த சாபம் இல்லை. இது எனக்குப் பெரிய விசயம்.

கிட்டுக்குள் குண்டுகளும் இருந்தன. 500 இறாத்தல் குண்டு ஒன்று 1/72இல் மூன்று சென்ரிமீற்றர்தான் வரும். இறக்கைக்குக் கீழே ஒட்டவேண்டும். அந்தப் பின்னேரம் முழுக்க அதைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். ஒட்டாமல் விட்டால் விமானம் வடிவாக, அப்பாவியாக நிற்கும். அதனால் ஒட்டினேன்.

அலுமாரியில் வைத்து இரண்டு நாளில் அம்மா கண்டுவிட்டா. ஏசுவா எண்டுதான் நினைச்சன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டக் குனிஞ்சு பார்த்தா.

"இதுக்குள்ள எத்தினை பேர் இருக்கிறவங்கள்?"

"ஒராள்தான் அம்மா."

"ஒராளோ?"

அதற்குப் பிறகு ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த நாள் பார்த்தால், விமானத்தின் மூக்கு சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. நான் அதைத் திரும்ப மாற்றவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். மொடல் செய்யுங்கள், ஆனால் விமானத்தோடு நிற்பாட்டாதீர்கள், கீழே இருந்த நிலத்தையும் செய்யுங்கள். 1970களில் அமெரிக்காவின் மொனோகிராம் கிட்களுக்குள் ஷெப்பர்ட் பெயின் செய்த டயோராமாக்களின் படங்களோடு ஒரு தாள் வரும். யந்திரத்தை ஒரு காட்சிக்குள் வைத்தால் அது கதை சொல்லும் என்பதை அதைப் பார்த்துப் பழகின தலைமுறை ஒன்று இருக்கிறது. எங்களிடம் கதைக்குக் குறைவில்லை. உருவங்கள்தான் இல்லை. கடைகளில் எல்லா நாட்டுச் சிப்பாய்களும் கிடைப்பார்கள். உக்ரேனின் மினிஆர்ட் போன்ற சிலர் 1/35இல் பொதுமக்களையும் செய்கிறார்கள், அவர்கள் ஐரோப்பியக் கோட்டுப் போட்ட ஆக்கள். சீலை உடுத்த ஒரு அம்மா, உரப்பையைக் கட்டின சைக்கிள், பனங்குற்றி அடுக்கின பங்கர் எந்தப் பெட்டிக்குள்ளும் வராது. அதை நாங்கள்தான் செய்யவேண்டும். எபொக்சி பட்டி, ஈர்க்கு, ரீ பைக் தாள் போதும்.

நான் தொடங்கிவிட்டேன். ஐந்தேகால் அடி ஆள் 1/72இல் 22 மில்லிமீற்றர். முகம் கீறமுடியாத அளவு. விமானம் அதைவிடப் பத்து மடங்கு நீளம். இரண்டையும் ஒரே பலகையில் வைத்துப் பார்த்தபிறகு, "வெறும் பிளாஸ்ரிக்" எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.

முதல் மூன்று உருவங்கள் சரிவரவில்லை. நாலாவதுக்குப் பட்டி குழைச்சு வைச்சிருக்கிறன். அம்மாவிட்ட பங்கர் வாசல் எந்தப் பக்கம் இருந்ததெண்டு கேட்கவேணும்.