கொம்தாரும் நம் மரபுதான்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 7ஆம் தேதி பினாங்கில் பொது விடுமுறை. 2008இல் அதே நாளில்தான் ஜார்ஜ்டவுன், மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. குவீன் தெரு மகா மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், கடைவீடுகள், அவற்றின் முன்னே நீளும் ஐந்தடிப் பாதை என்று அந்தப் பெருமையில் தமிழர்களுக்கும் பங்குண்டு. ஆனால் இந்நகரின் கதை காலனி ஆட்சியோடு முடிந்துவிடவில்லை. சுதந்திரம் பெற்ற மக்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட நகரமும் இங்கே நிற்கிறது. அதற்காக இன்னும் உரத்த குரல் எழவில்லை.

கடைவீடுகள் தப்பியதற்கு ஒரு சட்டமும் காரணம். 1948 ஜனவரி 31க்கு முன் எழுந்த கட்டடங்களின் வாடகையை வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டிப்போட்டது. இடித்துக் கட்டுவது எளிதல்ல என்பதால் உரிமையாளர்கள் அவற்றை விட்டுவைத்தார்கள். அந்தச் சட்டம் 2000இன் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. 1948 என்ற கோடு மட்டும் நம் மனத்தைவிட்டு அகலவில்லை. அதற்கு முன் எழுந்தது மரபு, பின் எழுந்தது வெறும் கட்டடம் என்றே இன்றும் எண்ணுகிறோம்.

ஜார்ஜ்டவுனில் நிற்கும் கொம்தார் கோபுர வளாகத்தையே எடுத்துக்கொள்வோம். 1969இல் பினாங்கு தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது, வேலையின்மை வாட்டியது. நகரை மீட்டெடுக்க முதலமைச்சர் லிம் சோங் இயூ முன்வைத்த திட்டங்களில் ஒன்று இந்த வளாகம். 1974இல் பணி தொடங்கியது. எண்பதுகளின் நடுவில் 65 மாடிகளோடு கோபுரம் நிமிர்ந்தது. வடிவமைத்தவர் முதலமைச்சரின் தம்பி, கட்டடக்கலைஞர் லிம் சோங் கீட். அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் புல்லரின் நண்பரான அவர், முக்கோணச் சட்டங்களைக் கோத்து எழுப்பும் கவிகை மண்டபம் ஒன்றையும் இங்கே அமைத்தார். இன்று அந்தக் கவிகைக்குள் பிள்ளைகளுக்கான அறிவியல் மையம் இயங்குகிறது. இடிக்காமலேயே ஒரு நவீனக் கட்டடத்துக்கு மறுவாழ்வு தரலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கொம்தார் பாவமற்றதல்ல. அதற்காகப் பழைய தெருக்கள் அழிந்தன. அங்கே பிழைத்தவர்கள் இடம்பெயர்ந்தார்கள். அந்த இழப்பை மறைக்கச் சொல்லவில்லை. நகரம் எதை நம்பி எதை இழந்தது என்பதற்கு அந்தக் கோபுரமே சாட்சி. சாட்சியை அழித்தால் போனது திரும்பாது. போன கதையும் சேர்ந்து போய்விடும்.

அப்படிச் சாட்சியை அழித்த நகரமும் உண்டு. 2017 ஏப்ரலில் தில்லி பிரகதி மைதானத்தில் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ கண்காட்சிக்கூடம் இடிக்கப்பட்டது. 1972இல் ராஜ் ரேவாலும் மகேந்திர ராஜும் சேர்ந்து உருவாக்கிய அரிய கான்கிரீட் படைப்பு அது. அறுபது ஆண்டு ஆகாதது மரபாகாது என்ற கணக்கு அதைக் கைவிட்டது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுச் சட்டத்தில் அப்படியொரு வயதுக் கட்டு இல்லை. வரலாற்று முக்கியத்துவம், நல்ல வடிவமைப்பு, தொழில்நுட்பப் புதுமை, சமூகத் தொடர்பு ஆகியவற்றையே அது அளவுகோலாக வைக்கிறது. 1957இல் சுதந்திரப் பிரகடனம் ஒலித்த மெர்டேக்கா ஸ்டேடியத்தைச் சீரமைத்ததற்காக 2008இல் யுனெஸ்கோவின் உயரிய விருதும் கிடைத்தது. சட்டமும் இருக்கிறது, முன்மாதிரியும் இருக்கிறது. மனம்தான் வர வேண்டும்.

கைத்திறனும் வேண்டும். கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் உள்ளிருக்கும் கம்பி துருப்பிடிக்கும்; துரு ஊதிப் பெருத்து மேற்பூச்சைப் பிளக்கும். மேலே சாயம் அடித்து மூடினால் நோய் உள்ளேயே வளரும். கடைவீட்டுச் சுவருக்குச் சிமெண்ட் ஆகாது, சுண்ணாம்புதான் பூச வேண்டும் என்று இந்நகரம் பாடுபட்டுக் கற்றுக்கொண்டது. கான்கிரீட்டுக்கும் அதே அக்கறையோடு கொத்தனார்களையும் பொறியாளர்களையும் பயிற்றுவிக்க வேண்டும்.

மாநில அரசிடம் நாம் கேட்பவை மூன்று. ஒன்று, 1948க்குப் பின் எழுந்த முக்கியக் கட்டடங்களைக் கணக்கெடுத்துப் பட்டியலிட வேண்டும். கொம்தார் மட்டுமின்றி, பிலிப்பைன்ஸ் கட்டடக்கலைஞர் எஃப்ரென் பாஸ் வடிவமைத்த மாநிலப் பள்ளிவாசல், ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி வீடுகள், சினிமா கொட்டகைகள், தமிழ்ப்பள்ளிகள் என அனைத்தும் அதில் வர வேண்டும். இரண்டு, பட்டியலில் உள்ள எதையும் பொது விசாரணையின்றி இடிக்க அனுமதி தரக் கூடாது. மூன்று, மூல வரைபடங்களையும் அங்கே வாழ்ந்தவர்கள், உழைத்தவர்களின் நினைவுகளையும் தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் சேகரித்துப் பாதுகாக்க வேண்டும்.

மாநில அரசின் அலுவலகங்களும் மாநகர் மன்றத்தின் அலுவலகங்களும் கொம்தாரிலேயே இயங்குகின்றன. கோரிக்கை வெகுதூரம் போக வேண்டியதில்லை. தாங்கள் அமர்ந்திருக்கும் கட்டடத்திலிருந்தே அவர்கள் கணக்கெடுப்பைத் தொடங்கலாம்.