ஊர் கேட்க வினைச்சொல் எதற்கு?

தமிழில் ஒருவருடைய ஊரைக் கேட்க வினைச்சொல்லே வேண்டாம். "நீங்க எந்த ஊரு?" "எனக்குத் திருநெல்வேலி." முடிந்தது. கேள்வியிலும் வினை இல்லை, பதிலிலும் இல்லை. இந்தச் சிக்கனத்தை நாம் ஆங்கிலத்துக்குள்ளும் கொண்டுபோய்விட்டோம். "உங்க நேட்டிவ் எது?" என்று ஐ.டி. கம்பெனி கேன்டீனில் கேட்கிறார்கள். "மை நேட்டிவ் இஸ் திருநெல்வேலி" என்று பதில் வருகிறது. லண்டன்காரருக்கு இது சட்டென்று விளங்காது. அவர் மொழியில் நேட்டிவ் என்றால் ஊர் இல்லை, அந்த ஊரில் பிறந்தவர். ஆனாலும் இதைச் சிவப்பு மையில் சுழிக்க எனக்கு மனம் வருவதில்லை. 'இஸ்' என்ற ஒட்டுத்துண்டைத் தவிர வேறு வினையே இல்லாமல் ஆங்கிலத்தில் ஊரைச் சொல்ல ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். அதற்காகவே நம்மைப் பாராட்டலாம்.

வினை போட்டே தீர வேண்டிய இடத்தில்தான் தகராறு. "மதுரையிலிருந்து வருகிறேன்" என்று கிளாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியவரும் சொல்கிறார், டி.வி. நிகழ்ச்சியில் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்பவரும் சொல்கிறார். தமிழுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலம் இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. "ஐ கம் ஃப்ரம் மதுரை" என்றால் சொந்த ஊர் மதுரை. "ஐ ஆம் கமிங் ஃப்ரம் மதுரை" என்றால் இப்போது அங்கிருந்து வந்துகொண்டிருக்கிறார், பெட்டி இன்னும் கையில்தான் இருக்கிறது. நம்மவர்களின் இந்த 'இங்' மோகத்தை வைத்து ஆங்கிலத்தில் எழுதிய இந்தியக் கவிஞர் நிசிம் எசக்கியேல் 'குட்பை பார்ட்டி ஃபார் மிஸ் புஷ்பா டி.எஸ்.' என்று ஒரு கவிதையே எழுதினார். கேலி கொஞ்சம் ஈவிரக்கமற்றது. ஆனால் காது கூர்மையான காது.

பிறப்பிடம் மாறாது. அதனால் அதைச் சொல்லும் ஆங்கில வினை சாதாரண நிகழ்காலத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். கோயில்களுக்கும் இதே விதிதான். தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய செய்தியாயிற்றே என்று பள்ளிப் பிள்ளைகள் 'டேட்டட் பேக்' என்று இறந்தகாலத்தில் எழுதுகிறார்கள். வேண்டியதில்லை. கோயில் நிற்கிறவரை 'டேட்ஸ் ஃப்ரம்'தான். இடிந்து போன கட்டடத்துக்கு இறந்தகாலத்தை வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குடும்பத்தில் படாடோபமான ஆள் 'ஹெயில் ஃப்ரம்'. நம் ஊர் பயோடேட்டாக்களிலும் மணமகள் தேவை விளம்பரங்களிலும் எல்லோரும் ஒரு கௌரவமான குடும்பத்திலிருந்து 'ஹெயில்' ஆகிறார்கள். இந்தச் சொல் கடலிலிருந்து கரையேறியது. எதிரே வரும் கப்பலைக் கூவி அழைப்பதற்கு 'ஹெயில்' என்று பெயர். எந்தத் துறைமுகம் என்று கேட்டால் அவர்களும் பதிலுக்குக் கூவிச் சொல்வார்கள். அமெரிக்காவில் பதிவு பெற்ற படகுகளின் உடம்பில் பெயரோடு 'ஹெயிலிங் போர்ட்' என்று ஊர்ப்பெயரும் இன்றும் எழுதப்படுகிறது. கப்பலுக்கு இருந்த சொல் பிறகு மனிதர்களுக்கு வந்தது. அடுத்தவரைப் பற்றி எழுதும்போது இது பொருந்தும். தன்னைப் பற்றித் தானே "ஐ ஹெயில் ஃப்ரம் உசிலம்பட்டி" என்று சொன்னால் கட்டியக்காரனையும் கையோடு கூட்டி வந்த மாதிரி இருக்கிறது. இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகள் 'கம் ஃப்ரம்' என்றே சொல்லலாம்.

'டிரைவ்' (derive) வேறு ரகம். லத்தீனில் 'ரீவுஸ்' என்றால் ஓடை. ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி நீரைத் திருப்புவதுதான் அந்த வினையின் பழைய பொருள். அதே ஓடையின் கரையில்தான் 'ரைவல்' என்ற சொல்லும் பிறந்தது. ஒரே நீரைப் பங்கிட்டுக்கொள்பவர்கள் ரைவல்கள். காவிரிக் கரையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்காது. வாய்க்கால் வெட்ட ஓர் ஆள் வேண்டும் அல்லவா? அதனால் இந்த வினைக்குச் செயப்படுபொருள் உண்டு, செயப்பாட்டு வினையும் உண்டு. கட்டமரான் என்ற ஆங்கிலச் சொல் தமிழின் கட்டுமரத்திலிருந்து வந்தது என்பதை 'டிரைவ்ஸ் ஃப்ரம்' என்றும் எழுதலாம், 'இஸ் டிரைவ்டு ஃப்ரம்' என்றும் எழுதலாம். இரண்டும் சரி.

இந்தச் சலுகையை நம்பித்தான் பலர் அடுத்த குழியில் விழுகிறார்கள். 'இஸ் டிரைவ்டு' சரியென்றால் 'இஸ் ஸ்டெம்டு ஃப்ரம்' என்றும், 'இஸ் ஒரிஜினேட்டட் ஃப்ரம்' என்றும் எழுதிவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில்கூட இதைப் பார்க்கிறேன். 'ஸ்டெம்' என்றால் தண்டு. தண்டு தானாக முளைக்கிறது, அதை யாரும் முளைக்கச் செய்வதில்லை. ஆகவே 'ஸ்டெம்ஸ் ஃப்ரம்' மட்டுமே. இதற்குத் துணை சேர்வதும் பெரும்பாலும் தொல்லைகள்தான்: பயம், பகை, கடன், தவறான புரிதல். அகராதியில் ஒத்த சொல் என்று போட்டிருக்கிறதே என்று எண்ணி, மாப்பிள்ளை கும்பகோணத்திலிருந்து 'ஸ்டெம்' ஆகிறார் என்று எழுதினால் அவரையே ஒரு பிரச்சினை ஆக்கிவிடுவோம்.

'ஒரிஜினேட்'டும் பெரும்பாலும் தானாக நடப்பதுதான். தீயணைப்புத் துறையின் ஆங்கில அறிக்கையில் தீ சமையலறையில் 'ஒரிஜினேட்' ஆகும். ரயில் எழும்பூரில் 'ஒரிஜினேட்' ஆகும். யோசனை ஒரு மனிதரிடம் தோன்றியது என்றால் 'ஃப்ரம்' போய் 'வித்' வரும். வங்கிக்காரர்கள் விதிவிலக்கு. அவர்கள் கடனை 'ஒரிஜினேட்' செய்கிறார்கள். பணம் அவர்களுடையது, இலக்கணமும் அவர்களுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இதெல்லாம் மார்க் போகிற சமாச்சாரம், மிஞ்சினால் மானம் போகிற சமாச்சாரம். இந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு வினைதான் சோற்றில் கைவைக்கிறது. அது 'அரைஸ்'.

வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1897இல் சட்டம் செய்தது. எந்த விபத்துக்கு என்பதைச் சொல்ல அவர்கள் எழுதிய தொடர் 'அரைசிங் அவுட் ஆஃப் அண்ட் இன் தி கோர்ஸ் ஆஃப்' என்பது. வேலையிலிருந்து எழுந்ததாகவும் இருக்க வேண்டும், வேலை நடக்கும்போது நிகழ்ந்ததாகவும் இருக்க வேண்டும். இரண்டு நிபந்தனைகள், நடுவே ஓர் 'அண்ட்'. 1923இல் இந்தியாவுக்கான தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் அதே தொடர் வந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து இந்தச் சில சொற்களுக்கு எவ்வளவு வழக்குகள்!

சௌராஷ்டிராவில் ஓர் உப்பளம். வேலை முடித்து வீடு திரும்பிய தொழிலாளர்கள் ஒரு கழியைக் கடக்கப் படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்து பலர் மூழ்கிப் போனார்கள். அது ஊரார் எல்லோரும் போய்வரும் படகு; அதில் ஏறும்போது அவர்கள் வேலையில் இல்லை என்று சொல்லி, 1958இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை மறுத்துவிட்டது. உப்பு வாரிய கை காய்வதற்குள் வேலை முடிந்துவிட்டது என்று கணக்கு.

இன்னொரு வழக்கு இதைவிடக் கொடியது. கப்பலில் வேலை பார்த்த ஒருவர் 1961இல் ஓர் இரவில் காணாமல் போனார். உடலும் கிடைக்கவில்லை. தகப்பனார் இழப்பீடு கேட்டார். மகன் கப்பலில் பணியில் இருந்தபோதுதான் மறைந்தார் என்பதில் ஐயம் இல்லை. ஆகவே இரண்டாவது நிபந்தனை நிறைவேறியது. முதலாவதுதான் இடித்தது. வேலை நேரத்தில் நேர்ந்தது என்பது போதாது, அந்த வேலைக்கே உரிய ஆபத்தால் நேர்ந்தது என்பதற்கும் சான்று வேண்டும் என்றது 1969ஆம் ஆண்டுத் தீர்ப்பு. தகப்பனார் தோற்றார். 'அவுட் ஆஃப்' என்பது காரணத்தைக் கேட்கும் சொல். 'இன் தி கோர்ஸ் ஆஃப்' நேரத்தைக் கேட்கும் சொல். நாம் தமிழில் இரண்டையும் 'வேலையில் நடந்த விபத்து' என்று ஒரே 'இல்' போட்டுச் சொல்லிவிடுகிறோம். அந்த 'இல்'லுக்குள் இரண்டு வழக்குகள் இருப்பது யாருக்குத் தெரிகிறது?

மொழி ஆசிரியர்கள் 'ஃப்ரம்', 'அவுட் ஆஃப்', 'இன்', 'வித்' எல்லாம் மனப்பாடச் சங்கதி என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்பிவிடுகிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்புக, ஒரு மார்க். அந்த ஒரு மார்க்குக்கு ஒரு குடும்பம் வருடக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறது என்று வகுப்பில் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பாடப்புத்தகம் எழுதுகிறவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: உதாரண வாக்கியங்களை இனித் தீர்ப்புகளிலிருந்தும் எடுங்கள்.

அதற்கு வாகாக ஒரு தீர்ப்பு அண்மையில் வந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலையின் காவலாளி, விடியற்காலை 3 மணி ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகும்போது, ஆலைக்கு 5 கிலோமீட்டர் முன்பே விபத்தில் இறந்தார். இது நடந்தது 2003இல். நேரம், இடம், சூழ்நிலை ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பது உறுதியானால், வேலைக்குப் போகும் வழியும் வரும் வழியும்கூட அந்தத் தொடருக்குள் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. அந்தக் குடும்பத்துக்கான இழப்பீடு நிலைத்தது. சட்டத்தின் பெயர் மாறி, 2020இல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இயற்றப்பட்டுவிட்டது. அதிலும் 1897ஆம் ஆண்டின் அதே தொடர்தான் இருக்கிறது.