பழைய கூண்டும் புதிய வண்டியும்

காஞ்சிபுரத்துப் பட்டுக்குப் பகைவர் இருவர்: மழையும் புழுதியும். 2005இல் டாடா ஏஸ் வந்தபின், சேலைக் கட்டுகளைச் சுமக்கச் சிறு வண்டிகள் பெருகின. பிள்ளையார்பாளையத்தில் நாம் அறிந்த நெசவாளர் குடும்பம் ஒன்று, பழைய தகரக் கூண்டொன்றை வாங்கித் தன் வண்டியில் பொருத்த முனைந்தது. கூண்டோ தொட்டியைவிட நான்கு விரற்கடை அகன்றிருந்தது.

"அறுத்துவிடலாம்" என்றார் பட்டறைக்காரர். "பாவை அளந்துதானே தறியில் ஏற்றுகிறோம்; இதை அளக்க மறந்தோமே!" என்று வருந்தினார் வீட்டுப் பெரியவர்.

அறுத்தால் கூண்டின் வலு குன்றும். ஆகவே இருபுறமும் இரண்டு விரற்கடை வெளியே நீளும் கோண இரும்புச் சட்டம் அமைத்து, இடையே ரப்பர் பட்டை வைத்து, மரையாணிகளால் முடுக்கினர். நீர் உட்புகவில்லை.

கூண்டின் எடையும் சுமையில் அடங்கும் என்பதை மறத்தலாகாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியின் அமைப்பை விருப்பம்போல் மாற்றுவதைத் தடுக்கிறது. எனவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதல் நலம்.

கூரை அமைந்ததும், உறவினரை உள்ளே அமர்த்தித் திருமணத்திற்கோ வேளாங்கண்ணிக்கோ புறப்படும் ஆசை எழும். பெற்றோரே, மழைக்கு அமைத்த தகரம் மோதலைத் தாங்காது. சேலை பாழானால் மீண்டும் நெய்யலாம். பிள்ளைகளைப் பேருந்தில் அழைத்துச் செல்லுங்கள்.